கதவுதட்டி வீட்டுப் பிள்ளை

தெருமுனையில் முதல் வீடு தையல்காரியுடையது. வீடு என்றால் ஒரே அறை, அதற்குப் பின்னால் திரும்பினால் இடிக்கிற மாதிரி ஒரு சமையலறை. அறையில் பாதியைத் தையல் மெஷின் பிடித்துக்கொண்டது. மீதியை ஊரார் துணி பிடித்துக்கொண்டது. ஜிப் போன பை, முழங்கால் கிழிந்த கால்சட்டை, இடுப்புப் பிடிக்கிற பாவாடை. பிரித்துத் தைக்கக் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் துணி சுருங்கிப்போச்சு என்றுதான் சொல்வார்கள். நான் பெருத்துப்போனேன் என்று எந்த மகராசியும் இதுவரை சொன்னதில்லை.

தெருவில் அவளைத் தையலக்கா என்று கூப்பிட்டார்கள். அது முகத்துக்கு நேரே. முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் கதவுதட்டி. அந்தப் பெயரை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு பெரிய டீச்சர் வந்தாள். ஒல்லியான உடம்பு, தாழ்ந்த குரல், யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டாள். நல்லவள். கெட்டவளாக இருந்திருந்தால் வாசலிலேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருக்கலாம். நல்லவளிடம் மாட்டினால்தான் எழுந்து வர முடியாது. அவள் பெற்றவர்களை எல்லாம் கூட்டிவைத்துச் சொன்னாள்: "பிள்ளைங்க படிப்பு பள்ளிக்கூடத்தால மட்டும் ஆகிற காரியம் இல்லைங்க. வீடும் கை கொடுக்கணும், தெருவும் கை கொடுக்கணும். தெருவுக்கு ஒருத்தர் வேணும். காலையில பேர் கூப்பிட்டதும் யார் வரலையோ, கிளாஸ் டீச்சர் அந்த ஒருத்தருக்கு போன் பண்ணுவாங்க. அவங்க அந்த வீட்டுக்குப் போய் என்ன ஏதுன்னு கேட்டுச் சொல்லணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றதும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், பதில் அங்கேதான் கிடக்கிற மாதிரி. தையல்காரி மட்டும் கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க்குழாய் உடைந்து கிடக்கிறதே, எப்போது சரிசெய்வீர்கள் என்று கேட்பதற்காகத் தூக்கிய கை அது. பெரிய டீச்சர் ஓடிவந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் தப்பித்தோம் பிழைத்தோம் என்று கைதட்டினார்கள். குழாயைப் பற்றிக் கடைசிவரை யாரும் பேசவில்லை.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் ஒன்று இருந்தது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சின்ன வயதிலேயே அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். நிறுத்திய மறுநாள் இடுப்பில் தம்பியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம், யாராவது வந்து கேட்பார்களா என்று. டீச்சர் வரவில்லை. பக்கத்து வீடும் கேட்கவில்லை. கூடப் படித்தவர்கள் அந்த வழியாகவே பையை ஆட்டிக்கொண்டு போனார்கள், வந்தார்கள். பிறகு ஆயத்த ஆடை கம்பெனியில் காலர் தைத்தாள், விரலில் ஊசி இறங்கி நகம் போனது, வீட்டோடு ஒரு மெஷினைப் போட்டு உட்கார்ந்தாள். கல்யாணமும் ஆயிற்று. புருஷன் லாரி ஓட்டுகிறவன். வீட்டுக்கு வருவது தூங்க, எழுந்தால் கிளம்ப. அவனால் உபத்திரவம் இல்லை, உபகாரமும் இல்லை. ஒரே பெண் பிள்ளை, ஒன்பதாவது படிக்கிறது. பெயர் என்னவோ வைத்தார்கள், கூப்பிடுவது பாப்பா.

வேலையை அவள் நன்றாகவே செய்தாள். போன் அடித்தால் தைப்பதை அப்படியே ஊசியோடு நிறுத்திவிட்டுப் போவாள். ஒரு வீட்டில் பிள்ளைக்குச் செருப்பில்லை. தேடிப்பிடித்து ஒரு ஜோடி கொடுத்தாள். இன்னொரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்க ஆள் இல்லாமல் அக்காக்காரியை நிறுத்திவைத்திருந்தார்கள். "குழந்தைய என்கிட்ட போடு, அவள அனுப்பு" என்றாள். கைக்குழந்தை அவள் மெஷினுக்கடியில் துணிக்குவியலில் தவழ்ந்து வளர்ந்தது. பெரிய டீச்சர் பூரித்துப்போனாள்.

குறையும் உண்டு, அதையும் சொல்லியாகவேண்டும். அவளுக்குக் கை கனம், குரல் அதைவிடக் கனம். அவள் ஒரு கதவைத் தட்டினால் எதிர்ச்சாரி வீடு மொத்தமும் எட்டிப்பார்க்கும். கேட்டுவிட்டு வா என்றுதான் சொன்னார்கள். அவள் கேட்டுவிட்டு, ஏசிவிட்டு, கூடவே நின்று பிள்ளைக்குச் சட்டையை மாட்டி இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். ஊருக்கெல்லாம் இடுப்பைப் பிரித்துக் கொடுத்தே காலம் தள்ளியவளுக்கு, தன்னைக் கண்டதும் நாலு பேர் கதவை இழுத்துச் சாத்துவது ஒரு பெருமையாகத்தான் இருந்தது.

அந்தத் தெருவில் கடைசி வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். புருஷன் எங்கேயோ போனவன் போனவன்தான். அவள் மகன் சுருட்டை, பாப்பாவின் வகுப்பில்தான் படித்தான். ஒருமுறை பையன் வாரக்கணக்கில் பள்ளிக்கூடம் போகாமல், கார் கழுவுகிற கொட்டகையில் வேலைக்கு நின்றான். தையல்காரி போய், சோப்பு நுரை சொட்டச்சொட்டச் சட்டைக்காலரைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பள்ளிக்கூட ஆண்டுக்கூட்டத்தில் பெரிய டீச்சர் அவளை மேடைக்குக் கூப்பிட்டாள். "கார் கழுவிக்கிட்டு இருந்த ஒரு பிள்ளைய மறுபடியும் வகுப்புக்குக் கொண்டு வந்தவங்க இவங்க" என்று ஒலிபெருக்கியில் சொன்னாள். பையன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. வகுப்பே திரும்பிச் சுருட்டையைப் பார்த்தது. எல்லாரும் கைதட்டினார்கள். தையல்காரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

மறுநாள் பாப்பா வகுப்புக்குள் நுழைந்தபோது சுருட்டை பெஞ்சில் விரல்முட்டியால் தட்டினான். டொக், டொக், டொக். "யாருடா அது? கதவுதட்டி மக வந்திருக்கா, கதவ மூடுங்க!" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்கடுத்த நாள் பத்துப் பேர் தட்டினார்கள். பிறகு அது பழக்கமாகிவிட்டது. பாப்பா உள்ளே வந்தால் வகுப்பு மொத்தமும் தட்டும். எழுந்து பதில் சொன்னால் தட்டும். கூட உட்கார்ந்திருந்தவள்கூட, "எங்க வீட்ல நடக்கிறத உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லிடுவே" என்று பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள். டீச்சருக்கு ஏதோ விளையாட்டு என்று நினைப்பு.

தையல்காரிக்கு இது எதுவும் தெரியாது. பிள்ளை காலையில் நேரத்தோடு கிளம்புகிறது, சீருடையைத் தானே துவைத்துக்கொள்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். அடுத்தவர் துணியில் அரை நூல் விலகினால் கண்டுபிடிக்கிறவளுக்கு, சொந்தப் பிள்ளையின் சட்டை முழங்கையில் பெஞ்சு அழுக்கே படியவில்லை என்பது கண்ணில் படவில்லை.

அன்று காலை போன் அடித்தது. சுருட்டை வரவில்லையாம். போனாள். கடைசி வீட்டுக்காரி அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கால் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடி உன் மகன்?"

"படுத்திருக்கான்கா. வயித்துவலியாம்."

"வயித்துவலியா, பரீட்சைவலியா? எழுப்பு அவன!"

"அக்கா, நான் ராவெல்லாம் நின்னுட்டு வந்திருக்கேன். கொஞ்சம் மெல்ல பேசு."

"நீ நிக்கிறது யாருக்காக? அவனுக்காகத்தானே? பிள்ளை வீட்ல கெடக்கறான், அனுப்பத் துப்பில்ல. நீயெல்லாம் ஒரு தாயா?"

எதிர்ச்சாரியில் ஜன்னல்கள் திறந்தன. கடைசி வீட்டுக்காரி எழுந்தாள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என் பிள்ளை இங்க கெடக்கறான், கண்ணால பாக்கறேன். உன் பிள்ளை எங்கன்னு தெரியுமா உனக்கு?"

"எங்க இருப்பா? பள்ளிக்கூடத்துல."

"ஓகோ! எங்க ஆஸ்பத்திரியில நோயாளி உக்கார்ற பெஞ்சுக்கு எப்பருந்து பள்ளிக்கூடம்னு பேரு வெச்சாங்க? தினம் காலையில வேலை முடிக்கறப்ப அவ காலத் தூக்கச் சொல்லித்தான் தரைய துடைக்கிறேன். போ, போய் அந்தக் கதவ தட்டு!"

தையல்காரி முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, "தெரிஞ்சும் இத்தனை நாள் சொல்லலையேடி, பாவி" என்றாள். "நீ எங்க பேச விட்டே?" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வெளிக்கூடத்தில் பெஞ்சு வரிசையாகப் போட்டிருந்தது. மருந்து நெடி, அழுகிற குழந்தைகள், வரிசைச் சீட்டுக்கு முண்டுகிற கூட்டம். அந்த வெக்கையில் பாப்பா கழுத்துவரை ஸ்வெட்டரைப் பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சீருடை தெரியக்கூடாதென்று. காலில் கட்டுப்போட்ட கிழவர் ஒருவர் அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தையல்காரி முன்னால் போய் நின்றதும் கிழவர் விழித்துப் பார்த்து, "உங்க மகளாம்மா? தங்கமான பொண்ணு. நான் வர்றப்பல்லாம் எனக்கு இவதான் சீட்டு வாங்கித் தர்றா" என்றார். தையல்காரிக்கு அவரை அறையலாமா, காலில் விழலாமா என்று தெரியவில்லை.

"ஏண்டி இங்க வந்து உக்காந்திருக்கே?"

"இங்க யாரும் ஏன் வந்தேன்னு கேக்க மாட்டாங்க."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவே? வகுப்புக்கே வந்து கத்துவே. நாளைக்கு இன்னும் தட்டுவாங்க."

அப்புறம்தான் தட்டுகிற கதை முழுதும் வந்தது. அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கலாம், அதற்கும் வழியில்லை. கடைசியில், "நீ அந்த வேலைய விட்டுடும்மா. விட்டா போறேன். இல்லேன்னா என்னையும் கார் கழுவ அனுப்பிடு" என்றாள்.

"விட்டுட்டேன். இந்த நிமிஷமே விட்டுட்டேன், போதுமா?"

நேரே பள்ளிக்கூடம் போனாள். பெரிய டீச்சர் உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"ஊர்ப் பிள்ளை வரலேன்னா எனக்கு போன் அடிக்கிறீங்க. என் பிள்ளை வரலேன்னு ஏங்க ஒருத்தரும் அடிக்கல?"

பெரிய டீச்சர் கிளாஸ் டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவள் கையைப் பிசைந்தாள். "உங்களுக்குத் தெரியாம இருக்குமான்னு நெனச்சேங்க. எல்லார் வீட்டு விஷயமும் தெரிஞ்சவங்களாச்சே. உடம்பு சரியில்லாம நீங்களே நிறுத்தியிருப்பீங்கன்னு..."

"மேடையில ஏத்தி நீங்க பேசுனீங்க, அடி வாங்கினது என் பிள்ளை."

பெரிய டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தாள். "நல்லதுன்னு நெனச்சுத்தாங்க சொன்னேன்" என்றாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். பாப்பா இனி ஒருநாள் நின்றாலும் ஆண்டுப் பரீட்சைக்கு உட்கார முடியாது, ஒன்பதாவதை மறுபடி படிக்கவேண்டும். விட்டுப்போன நாட்களுக்குத் தான் ஏதாவது வழி பண்ணுவதாகவும், தட்டுகிற பிள்ளைகளைக் கண்டிப்பதாகவும் சொன்னாள். "ஆனா நீங்க விட்டுட்டா அந்தத் தெருவுக்கு யாருங்க இருக்கா? வேற ஒருத்தர கை காட்டிட்டுப் போங்க."

கை காட்ட ஆள் தேடித் தையல்காரி தெரு முழுக்க அலைந்தாள். ஒருத்திக்கு முழங்கால் வலி, ஆனால் மாடிக்கும் கீழுக்கும் நாளெல்லாம் ஓடுகிறாள். ஒருத்திக்குப் புருஷன் விடமாட்டான், அந்தப் புருஷனோ இவள் கண்ணை உருட்டினால் கட்டிலுக்கடியில் போகிறவன். மளிகைக்கடைக்காரர் மட்டும் உண்மையைச் சொன்னார்: "உனக்கு வெச்ச பேர எனக்கும் வெப்பாங்கம்மா. எனக்கு யாவாரம் இருக்கு."

ஆள் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடமும் வேறு வழியில்லாமல் பழைய எண்ணுக்கே போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை.

பாப்பா பள்ளிக்கூடம் போனாள். முதல் நாட்களில் தட்டினார்கள், திட்டும் வாங்கினார்கள். டீச்சர் திரும்பியதும் மறுபடி தட்டினார்கள். பிறகு திடீரென்று குறைந்தது. பாப்பா ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள். குளிக்கும்போது முணுமுணுவென்று ஏதோ பாட்டுச் சத்தம் கேட்டது. ஏன் குறைந்தது என்று தையல்காரி கேட்டபோது, பாப்பா சாதாரணமாகச் சொன்னாள்: "சுருட்டை வர்றதில்லம்மா. அவன்தானே ஆரம்பிக்கிறது."

"ஏன் வரல?"

"கொட்டகைக்குத்தான் போயிருப்பான்."

"அவங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பையோடதான் கிளம்பறான்." பாப்பா தலையை நிமிர்த்தினாள். "அம்மா, நீ போய்ச் சொல்லக்கூடாது. அவன் வரலேன்னாதான் நான் அங்க உக்காரவே முடியுது."

மறுநாள் காலையில் பேர் கூப்பிடுகிற நேரத்துக்குப் போன் அடித்தது. அதற்கடுத்த நாளும் அடித்தது. யாருக்காக அடிக்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும். எடுத்தால் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு போச்சு. எடுக்காவிட்டால் இன்னொருத்தி பிள்ளை போச்சு. மெஷினை வேகமாக மிதித்தாள், சத்தம் காதில் விழாமலிருக்க. ஒரு சட்டைக்குக் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்துவிட்டாள். புருஷன் கட்டிலில் புரண்டு, "எடுக்காத போன எதுக்கு மடியிலயே வெச்சிருக்கே? தூக்கி அந்தப் பக்கம் போடேன்" என்றான். "நீ தூங்கு. உனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான்" என்றாள்.

தெரிந்தும் சொல்லவில்லையே பாவி என்று ஒருத்தியைத் தெருவே கேட்க ஏசினோமே என்று நினைத்தால் நெஞ்சு சுரீர் என்றது. மகள் முகத்தைப் பார்த்தால் அந்தச் சுரீர் அடங்கியது. இப்படியே வாரம் போயிற்று. வீட்டைவிட்டு வெளியே போவதையே நிறுத்திவிட்டாள், எங்கே கடைசி வீட்டுக்காரி எதிரே வந்துவிடுவாளோ என்று. தெருவில் எத்தனையோ கதவை அடித்துத் திறக்கவைத்தவள், சொந்தக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் கடைசி வீட்டுக்காரியே வந்தாள். கையில் ஒரு சட்டை. சுருட்டையின் சீருடை.

"அக்கா, சண்டைய மனசுல வெச்சுக்காத. தோள்பட்டை இறுக்குதாம், கொஞ்சம் பிரிச்சு விடு. கிடுகிடுன்னு வளர்றான். இப்பல்லாம் நான் வந்து எழுப்பறதுக்கு முன்னாடியே கிளம்பிடறான்கா, திருந்திட்டான்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

தையல்காரி சட்டையை வாங்கி விரித்தாள். முழங்கைப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அழுக்கே இல்லை. இந்தமுறை அவள் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு விநாடி சட்டையை மடித்துக் குவியலில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. போட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"உக்காரு" என்றாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள், வாழ்க்கையில் முதல்முறையாக. "அவன் பள்ளிக்கூடம் போகலடி. போன் அடிச்சிட்டே இருந்துச்சு. நான் எடுக்கல."

கடைசி வீட்டுக்காரியின் சிரிப்பு அங்கேயே நின்றது. "எத்தனை நாளா?"

"நாளாச்சு."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அடிப்பாள் என்று நினைத்தாள். அவள் அடிக்கவில்லை. தையல்காரியிடம் இன்னும் விட்டுப்போகிற அந்தக் கைக்குழந்தை மெஷினுக்கடியில் தவழ்வதைப் பார்த்துவிட்டு, "எந்திரி. நீயும் வா. தனியா போனா அவன அங்கயே கொன்னு போட்டுடுவேன்" என்றாள். குழந்தையைத் தையல்காரி தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள, இரண்டு பேரும் போனார்கள். தெருவில் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து போனால் வம்பு பேசப் போகிறார்கள் என்றுதான் ஊர் நினைக்கும்.

கொட்டகை என்பது நாலு கம்பி, மேலே ஒரு தகரம். சுருட்டை டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். அவர்களைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டான். "கதவே இல்லாத எடத்துக்கும் வந்துட்டீங்களா?" என்றான். அவன் தாய் ஓங்கிய கையைத் தையல்காரி பிடித்துக்கொண்டாள்.

"டேய், கோபம்னா என்மேல காட்டு. தட்டணும்னா என் வீட்டுக்கு வந்து மெஷின தட்டு. என் பிள்ளை உன்ன என்னடா பண்ணினா?"

"மேடையில என்னைப் பத்திச் சொல்லச் சொன்னது நீங்கதானே?"

"நான் சொல்லச் சொல்லலடா."

"எல்லாரும் கைதட்டினப்போ சிரிச்சீங்க."

குழாய்த் தண்ணீர் தையல்காரி காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. "சிரிச்சேன்" என்றாள். "தப்புதான்." இன்னும் ஏதாவது வரும் என்று பையன் பார்த்துக்கொண்டே நின்றான். எதுவும் வரவில்லை. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, தாய்க்கு முன்னால் நடந்தான்.

மறுநாள் சுருட்டை வகுப்புக்குப் போனான். பாப்பாவும் போனாள். அவனைக் கொட்டகைக்கே போய்க் கூட்டிவந்தது தன் அம்மாதான் என்பது பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் பேசிக்கொண்டதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் தட்டில் போட்டதைப் பாப்பா குனிந்தே சாப்பிட்டாள். தையல்காரி எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"தட்டினாங்களா?"

பாப்பா சோற்றைப் பிசைந்தாள்.

"கேக்கறேன்ல?"

"அவன் தட்டல. மத்தவங்க தட்டினாங்க."

"நான் வேணா பெரிய டீச்சர்கிட்ட..."

"நீ எங்கயும் போக வேணாம்."

"நாளைக்குப் போவியாடி?"

பாப்பா தட்டைக் கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, திரும்பாமலே சொன்னாள்:

"போவேன். பரீட்சை என்னோடது. ஆனா இனிமே உன்கிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்மா."

தையல்காரி எழுந்து, அன்று கழுத்தில் வைத்துத் தைத்த சட்டைக்கையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.